புயல் துப்புரவுக்கு மிஷன் டீமோடு போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகள்

ஹெலீன் புயல் 2024 செப்டம்பர் 26 ராத்திரி ஃப்ளோரிடாவில் கரையேறியது. ஆனால் பெரிய அழிவு மறுநாள், அங்கிருந்து பல நூறு மைல் வடக்கே, வட கரோலினாவின் மேற்கு மலைகளில் நடந்தது. புயல் வருவதற்கு முன்பே பெய்த மழையில் மலை மண் ஊறிப்போயிருந்தது, அதன் மேல் புயல் மழையும் கொட்ட, ஆஷ்வில்லில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு, அதுவரை அங்கே மிகப் பெரியது என்று பேசப்பட்ட 1916 வெள்ளத்தின் அளவையும் தாண்டி ஓடியது. அந்த மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்வானனோவா, சிம்னி ராக், பர்ன்ஸ்வில், ஸ்ப்ரூஸ் பைன் என்று ஊர் ஊராகச் சேறு. (ஐடி ஆட்களுக்கு ஒரு தகவல்: சிப் செய்வதற்கு சிலிக்கானை உருக்குகிற பாத்திரங்களுக்கான மிகத் தூய குவார்ட்ஸ் அந்த ஸ்ப்ரூஸ் பைனில்தான் தோண்டுகிறார்கள். செய்தியில் அந்த ஊர்ப்பெயர் அடிபட்டது அதனால்தான், அங்கே இருந்த வீடுகளுக்காக இல்லை.)

அந்தப் பக்கம் சபைக் குழுக்களோடு வேலைக்குப் போகிறவன் என்பதால், இங்கே அமெரிக்காவில் இருக்கிற தமிழ் நண்பர்கள் கேட்கிறதையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மிஷன் டீம் என்றால் ஊழியமா, கூலி வேலையா?

முக்கால்வாசி கூலி வேலைதான். காலையில் ஒரு சின்ன தியானம், ஒரு ஜெபம், பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை, அப்புறம் வேனில் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் சேறு அள்ளுவது, சுவரைப் பெயர்ப்பது, மரத்தை இழுப்பது. மேடை, மைக், பாட்டு எதுவும் கிடையாது. அதை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் நாள் மத்தியானமே சலித்துவிடும்.

எந்தக் குழுவில் சேர்வது? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மஞ்சள் சட்டைக்காரர்களைப் பார்த்தால் சதர்ன் பாப்டிஸ்ட் பேரிடர்க் குழு. 1967-ல் பியூலா புயலுக்குப் பிறகு டெக்சாஸில் ஆரம்பித்தது, பெரிய களச் சமையல், செயின்சா என்கிற மோட்டார் ரம்பத்தால் மரம் அறுப்பது, சேறு அள்ளுதல் இதெல்லாம் அவர்கள் கைவந்த வேலை. ஆரஞ்சு சட்டை என்றால் சமாரிட்டன்ஸ் பர்ஸ். அவர்களுடைய தலைமையகமே இந்த மலையில் பூன் என்கிற ஊரில்தான் இருக்கிறது, ஆக ஹெலீனில் புயல் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. யுனைடெட் மெத்தடிஸ்ட்காரர்களின் அம்கோர் அமைப்பில் முன்பயிற்சி எடுத்த குழுக்கள் உண்டு, வகுப்பும் பின்னணிச் சோதனையும் முடித்து அடையாள அட்டை வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். மென்னோனைட்காரர்கள் 1950-லிருந்து இந்த வேலையில் இருக்கிறார்கள். கூட்டமும் கேமராவும் போன பிறகு வந்து, வருடக்கணக்கில் தங்கி வீடு கட்டிக் கொடுப்பது அவர்கள் பாணி.

உங்கள் சபை ஏற்கெனவே ஏதாவது ஒன்றோடு தொடர்பில் இருந்தால் அதிலேயே போங்கள். இல்லையென்றால், ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் அன்றன்றைக்கு ஆள் சேர்க்கிற குழுவுக்கும், ஒரு வாரம் லீவு போட முடிந்தவர்கள் வீடு கட்டுகிற குழுவுக்கும் போவது நல்லது.

நான் கிறிஸ்தவன் இல்லை. வரலாமா?

பல இடங்களில் வரலாம். சேறு அள்ள வருகிறவரிடம் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் யாரும் கேட்பதில்லை. ஆனால் சில அமைப்புகள் குழுத் தலைவர் போன்ற பொறுப்புகளுக்கு விசுவாச அறிக்கையில் கையெழுத்து கேட்கும், காலை ஜெபத்தில் எல்லோரோடும் நிற்க வேண்டியிருக்கும். கண்ணை மூட வேண்டும் என்றில்லை, சும்மா நின்றால் போதும். அதுவும் ஒத்துவராது என்று தோன்றினால் புத்த அமைப்பான ட்சூ சீ, மதச்சார்பில்லாத ஆல் ஹேண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ் மாதிரி இடங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. போன் செய்து நேராகக் கேட்டுவிடுங்கள். மறைத்துக்கொண்டு வந்து நடுவில் சங்கடப்படுவதுதான் யாருக்கும் நல்லதில்லை.

புயல் அடித்த மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா?

வேண்டாம். மனசு துடிக்கும், தெரியும். ஆனால் முதல் வாரத்தில் ரோடு மீட்பு வண்டிகளுக்கு வேண்டும், பெட்ரோல் உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டும், மோட்டல் அறை வீடு போனவர்களுக்கு வேண்டும். ஹெலீனுக்குப் பிறகு 40-ஆம் நம்பர் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையே ஆற்றோரமாக இடிந்து விழுந்தது. 2025 மார்ச்சில்தான் அந்தப் பகுதியில் பக்கத்துக்கு ஒரு லேன் திறந்தார்கள். சின்ன மலைப்பாதைகள் பல இடங்களில் காணாமலே போயின, கோவேறு கழுதை மேல் சாமான் ஏற்றிப் போன இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குள் கூகுள் மேப்பை நம்பி மினிவேனில் போகிறவர் உதவி செய்யப் போகிறவர் இல்லை, உதவி தேவைப்படப் போகிறவர்.

யாராவது அழைத்தால் மட்டும் போங்கள். பெரும்பாலான குழுக்கள் கிரைசிஸ் கிளீனப் என்கிற பொதுப் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை எடுக்கின்றன. வீட்டுக்காரர் ஹாட்லைனில் கூப்பிட்டுச் சொன்னதும் அந்த வீடு பட்டியலில் ஏறும், எந்தக் குழு எடுக்கிறதோ அதன் பெயர் அதில் விழும். ஒரே வீட்டுக்கு மூன்று குழு போய், பக்கத்துப் பாட்டி வீட்டுக்கு ஒருவரும் போகாமல் இருக்கிற கூத்து இதனால் பெரும்பாலும் குறைந்திருக்கிறது.

எனக்குச் சுத்தியல்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. என்ன வேலை கொடுப்பார்கள்?

கவலையே வேண்டாம், இதில் அதிகமாக நடக்கிற வேலைக்குத் திறமையை விட முதுகுதான் தேவை. வெள்ளம் புகுந்த வீட்டில் வரிசை இப்படி இருக்கும். கரண்டும் கேஸும் நிறுத்தியாயிற்றா என்று பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே கொண்டு வருவார்கள். அப்புறம் சேற்றை ஷவலால் அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டுவது, அப்புறம் தரைக் கம்பளம், அடியில் இருக்கிற பலகை, அதன் பிறகு சுவர். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, மரச்சட்டத்தின் மேல் அடித்த டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை. அது தண்ணீரைக் கீழேயிருந்து மேலே உறிஞ்சிக்கொண்டே போகும். தண்ணீர் ஒன்றரை அடி நின்றிருந்தாலும் பல சமயம் 4 அடி உயரத்துக்கு வெட்டுவார்கள், ஏனென்றால் டிரைவால் பலகை 4 அடி அகலத்தில் வருகிறது, திரும்ப அடிக்கும்போது முழுப் பலகை ஒன்று அப்படியே பொருந்தும். உள்ளே இருக்கிற இன்சுலேஷன் பஞ்சு ஈரமூட்டையாக இருக்கும், அதையும் பிடுங்க வேண்டும். கடைசியில் சட்டங்களில் இருக்கிற ஆணிகளை ஒவ்வொன்றாக எடுப்பது. இதைத்தான் புது ஆட்களிடம் கொடுப்பார்கள், பொறுமை இருந்தால் போதும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், ஈரமான இடத்தில் பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். சட்டத்தைத் தேய்த்து, பூஞ்சைக்கொல்லி மருந்தடித்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து வாரக்கணக்கில் காயவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் மூட வேண்டும். வெளியே காய்ந்தது போலத் தெரிகிறதே என்று அவசரப்பட்டு மூடின வீட்டைத் திரும்பப் பிரிக்கிற வேலையும் நமக்குத்தான் வரும்.

இன்னொன்று, பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த ஃபிரிட்ஜைத் திறக்கவே திறக்காதீர்கள். சுற்றிலும் டேப் ஒட்டி அப்படியே வெளியே தூக்குங்கள். யாராவது ஆர்வக்கோளாறில் திறந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் மத்தியானச் சாப்பாடு இறங்காது.

கஜா புயலப்போ வேதாரண்யம் பக்கம் மரம் வெட்டிப் பழக்கம் உண்டு. செயின்சா தருவார்களா?

தரமாட்டார்கள், முதலில் அவர்கள் பயிற்சி முடிக்க வேண்டும். நியாயம்தான். தென்னை விழுந்தால் நீளமாக ஒரு தண்டு, அவ்வளவுதான். இங்கே ஓக் மரம் வேரோடு சாய்ந்து, வேர்ப்பந்து ஒரு ஆள் உயரத்துக்கு நட்டுக்கொண்டு நிற்கும். தண்டை அறுத்த நொடியில் அந்த வேர்ப்பந்து பழையபடி குழிக்குள் சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். அந்தக் குழிக்குள் யாராவது நின்றிருந்தால் கதை முடிந்தது. வில் மாதிரி வளைந்து மாட்டிக்கொண்ட கிளையை அறுத்தால் முகத்தில் அடிக்கும், பாதி முறிந்து மேலே தொங்குகிற கிளை எப்போது விழும் என்று அதற்கே தெரியாது. அனுபவம் இருக்கிறவர் வந்தால் சந்தோஷம், ஆனால் ஆரம்பத்தில் அறுத்த துண்டுகளை ரோட்டோரம் இழுக்கிற கோஷ்டியில்தான் இருப்பீர்கள். கூரை மேல் தார்ப்பாய் விரிக்கிற வேலையும் இப்படித்தான், தெரிந்த ஒருவர் சொல்லாமல் ஏணியில் கால் வைக்கக் கூடாது.

எதைத் தூக்கிப் போடுவது, எதை வைப்பது என்று யார் முடிவு செய்வது?

வீட்டுக்காரர். அவர் மட்டும்தான். இந்த முழுப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நமக்கு அது சேறு படிந்த மரப்பெட்டி, அவருக்கு அது செத்துப்போன கணவர் செய்து கொடுத்தது. பத்துப் பேர் வந்து பத்து நிமிடத்தில் வாழ்நாள் சாமானை ரோட்டோரம் குவித்தால், செய்த வேலை நல்ல வேலையாக இருந்தாலும் அந்த மனுஷிக்கு அது இரண்டாவது வெள்ளம். அதனால் நல்ல குழுத் தலைவர் வாசலில் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பார், எடுத்து வருகிற எதுவும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். சந்தேகம் இருந்தால் தனியாக வைத்துவிட்டுக் கேளுங்கள். அலமாரியைக் கவிழ்ப்பதற்கு முன் எல்லா இழுப்பறையையும் திறந்து பாருங்கள். குடும்ப வேதாகமம், கையால் தைத்த குயில்ட் போர்வை, ராணுவ மெடல், கொஞ்சம் பணம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

போட்டோக்கள் நனைந்து ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே காயவும் விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசிப் பிரித்துக் காயவைக்கலாம். அதற்கு நேரம் இல்லையென்றால் ஒரு பையில் போட்டு எங்காவது ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு அறையையும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், பெரிய சாமான்களையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும், மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவுக்கும் அதுதான் சாட்சி. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது, வெள்ள இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும், மலை மேல் இருக்கிறவர்களில் அதை எடுத்திருந்தவர்கள் மிகச் சிலர். அனுமதிப் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் எந்தக் குழுவும் வேலையைத் தொடங்காது. ரோட்டோரம் குவிப்பதிலும் மரம், கட்டட இடிபாடு, ஃபிரிட்ஜ் வகையறா, டிவி கம்ப்யூட்டர், பெயின்ட் மருந்து வகையறா என்று தனித்தனிக் குவியல் வேண்டும். கலந்துவிட்டால் அள்ள வருகிற லாரி அப்படியே விட்டுவிட்டுப் போனாலும் போய்விடும்.

சுவிசேஷம் சொல்லலாமா? கைப்பிரதி கொண்டு வரட்டுமா?

கைப்பிரதிக் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இது குழுவுக்குக் குழு மாறும். சமாரிட்டன்ஸ் பர்ஸ் குழு வேலை முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு வேதாகமத்தை வீட்டுக்காரருக்குக் கொடுப்பது வழக்கம், அவர்களோடு சாப்ளின்களும், அதாவது ஆறுதல் சொல்லி ஜெபிக்கிற ஊழியர்களும் வருவார்கள். மெத்தடிஸ்ட் குழுக்களில் வேலையின்போது பிரசங்கம் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள்.

என் சொந்தக் கருத்து: கூரை போன ஒருவரிடம் போய்ப் பேசினால் அவரால் எழுந்து போக முடியாது, ஏனென்றால் அவர் வீட்டுக்குள் நாம் நிற்கிறோம், இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கிறது. அந்த நிலைமையில் அவர் சொல்கிற ஆமென் எவ்வளவு மனசாரச் சொன்னது என்று நமக்கு எப்படித் தெரியும்? உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று ஒரு தடவை கேளுங்கள், வேண்டாம் என்றால் சரி என்று ஷவலை எடுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், மலைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மை விடப் பழைய சபைக்காரர்கள், அவர்களே நமக்காக ஜெபித்துவிடுவார்கள். சொல்லக் கூடாதது ஒன்று உண்டு: “எல்லாம் தேவ சித்தம்.” பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆறு கொண்டுபோன இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லாதீர்கள். அவர் பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், அதற்காக அரை மணி போனால் போகட்டும்.

செல்ஃபி? வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் எதுவும் எடுக்காதீர்கள். அவர் படுக்கையறை உங்கள் ஸ்டேட்டஸ் இல்லை.

என்ன கொண்டு வர வேண்டும்?

இரும்பு முனை வைத்த பூட்ஸ், இல்லையென்றால் அடிப்பாகம் தடித்த ரப்பர் பூட்ஸ். ஆணி குத்துவது இங்கே சாதாரணம், ஆகவே டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள், 10 வருஷத்துக்கு மேல் என்றால் முதலில் அதை முடியுங்கள். என்95 மாஸ்க், கண்ணாடி, தோல் கையுறை ஒரு ஜோடி, உள்ளே போட ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, நிறையத் தண்ணீர். 1978-க்கு முன் கட்டின வீடுகளில் ஈயப் பெயின்ட் இருக்கலாம், பழைய தரை ஓட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். மலையில் அக்டோபரிலேயே ராத்திரி உறைபனி விழும், ஸ்வெட்டர் வேண்டும்.

பழைய துணி நிறைய இருக்கிறது, சேர்த்துக் கொடுத்துவிடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். துணி மலையைப் பிரித்து அடுக்கவே பத்துப் பேர் வேண்டும், அந்தப் பத்துப் பேரும் சேறு அள்ள வேண்டியவர்கள். கேட்டதை மட்டும் கொடுங்கள். சபைகள் சேர்க்கிற துப்புரவு வாளி நல்ல யோசனை, மூடி போட்ட 5 கேலன் வாளிக்குள் கையுறை, பிரஷ், சோப்பு, குப்பைப் பை என்று பட்டியல்படி அடுக்கிக் கொடுப்பது. இல்லையென்றால் பணம்.

சாப்பாடு, படுக்கை?

ஏதாவது ஒரு சபையின் ஞாயிறு பள்ளி அறையில் மடக்குக் கட்டில், லாரியில் வருகிற ஷவர். குறட்டைக்குக் காதடைப்பான் அவசியம். சாப்பாடு சாண்ட்விச், கேசரோல், பீன்ஸ். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னாலும் சாலட்தான் வரும். ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் உங்களுக்கும் நல்லது, பக்கத்துக் கட்டில்காரரோடு பேச்சு ஆரம்பிக்கவும் உதவும். வீட்டுக்காரர் ஸ்வீட் டீ நீட்டினால் வாங்கிக் குடியுங்கள், சர்க்கரை வியாதிக்காரர் என்றால் ஒரு வாய். கொடுக்க அவர்களிடம் வேறு எதுவும் இல்லாத நேரத்தில் அதைத் தட்டக் கூடாது.

ஹெச்-1பி வேலை விசாவில், எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். பிரச்சினை வருமா?

சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை ஓசியில் செய்வதுதான் சிக்கல். எப்போதுமே தொண்டர்கள் செய்கிற, யாருக்கும் கூலி இல்லாத தரும வேலை பொதுவாகப் பிரச்சினை இல்லை. கையில் காசோ கிஃப்ட் கார்டோ யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கிரீன் கார்டு வேலை பாதியில் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், அவரும் வருகிறேன் என்கிறார்.

வயது வரம்பு குழுவுக்குக் குழு வேறு, சின்னப் பிள்ளைகளைப் பூஞ்சை பிடித்த வீட்டுக்குள் யாருமே விடமாட்டார்கள். அவர்கள் வாளி அடுக்கட்டும். அப்பாவின் டிராவல் இன்சூரன்ஸ் இதற்கெல்லாம் தாங்காது, அவரை முகாம் சமையலறையில் விடுங்கள், வெங்காயம் நறுக்க எப்போதும் ஆள் பற்றாக்குறை.

மணிக்கணக்கை எழுதி எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களே, எதற்கு?

இது நிறையப் பேருக்குத் தெரியாது. பேரிடர் செலவில் பொதுவாக 75 சதவீதம் மத்திய அரசு தரும், மிச்சம் மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் போட வேண்டும். தகுதியான வேலையில் தொண்டர்கள் உழைத்த மணிகளுக்கு ஒரு மதிப்புப் போட்டு அந்த உள்ளூர்ப் பங்கில் கழித்துக்கொள்ள ஃபெமா அனுமதிக்கிறது. ஆக நீங்கள் கையெழுத்துப் போட மறந்த ஒரு நாள், ஏற்கெனவே காலியாக இருக்கிற ஒரு சின்ன கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பையிலிருந்து போகலாம். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதுங்கள்.

செலவை வரியில் கழிக்கலாமா?

உங்கள் நேரத்துக்கு எதுவும் கிடையாது. சொந்த வண்டியில் போனால் மைலுக்கு 14 சென்ட், அதுவும் 2025 வரிக்கணக்கு வரை செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

புயல் போய் இவ்வளவு நாளாயிற்றே, இன்னும் என்ன வேலை இருக்கப்போகிறது?

இருக்கிற வேலையில் பெரும்பகுதியே இதுதான். ஆஷ்வில்லில் குழாயில் குடிக்கிற தண்ணீர் திரும்ப வந்ததே நவம்பர் 18-ல், அதாவது ஏழு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கேமராக்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டன. சேறு அள்ளின வீடு என்பது சுவரில்லாத வீடு. அதற்கு டிரைவால் அடிக்க, பூச, தரை போட, கழிவறை மாட்ட ஆள் வேண்டும். மலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குச் சொந்தப் பாலம்தான் வழி, அது அடித்துக்கொண்டு போனால் அரசாங்க ரோடு இல்லாததால் லேசில் யாரும் கட்டித் தரமாட்டார்கள், ஆம்புலன்ஸும் வராது. அந்தப் பாலங்களைச் சபைக் குழுக்கள் கட்டிக் கொடுக்கின்றன. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொண்டர் எண்ணிக்கை மளமளவென்று சரியும், குளிருக்குப் பயந்து பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அதனால் எப்போது வரட்டும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது பிப்ரவரி. போகும் முன் குழு ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: அந்த வாரம் வேலைக்கான சாமான் வந்துவிட்டதா, உங்களோடு மேற்பார்வைக்குத் தொழில் தெரிந்த ஒருவர் இருப்பாரா. இரண்டும் ஆமாம் என்றால் லீவு போடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரத்துக்குப் பெயர் கொடுங்கள், டிரைவால் வராத வீட்டில் பன்னிரண்டு பேர் நின்று என்ன செய்வது.